நோயாளியின் தோலிலிருந்து நியூரான்: ஆய்வகத் தட்டு எவ்வளவு சொல்லும்?

கல்லீரலில் கோளாறு என்றால் ஊசியை விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை, தோல் என்று பல உறுப்புகளுக்கு இது வழக்கமான நடைமுறை. மூளை விஷயத்தில் இது நடக்காது. அல்சைமர் தொடங்கியிருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் ஒருவரிடமிருந்து, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று உயிருள்ள நியூரான்களை வெட்டி எடுக்க முடியாது. இறப்புக்குப் பின் தானமாகக் கிடைக்கும் மூளைகள் உண்டு. அவற்றால் தெரிந்துகொண்டது ஏராளம். ஆனால் அங்கே தெரிவது பல ஆண்டுகளாக நடந்து முடிந்த சேதம். முதலில் செத்த செல்கள் அந்த மூளையில் இல்லவே இல்லை. மிஞ்சியிருப்பவை எப்படியோ தாக்குப்பிடித்தவை. எது முதலில் நடந்தது, எது அதன் விளைவு என்று பிரித்துச் சொல்ல இது போதாது.

இந்த இடைவெளியை நெடுங்காலம் நிரப்பியது சுண்டெலி. தசைகளை இயக்கும் நியூரான்கள் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு எஸ்ஓடி1 என்ற மரபணுவின் பிறழ்வு ஒரு காரணம் என்று 1993-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அந்தப் பிறழ்ந்த மனித மரபணுவைச் சுமக்கும் எலிகளை உருவாக்கிவிட்டார்கள். எலிகளுக்குக் கால்கள் செயலிழந்தன, இயக்க நியூரான்கள் அழிந்தன. நோய் வந்துவிட்டது; மருந்துதான் வரவில்லை. எலியில் பலித்ததாகச் சொல்லப்பட்டவை மனிதர்களிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஏ.எல்.எஸ். மருந்து ஆய்வுக்கென்றே இயங்கும் ஓர் அமெரிக்க நிறுவனம் 70-க்கும் மேற்பட்ட மருந்துகளைச் சுமார் 18,000 எலிகளில் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டது. முன்பு பலன் தந்ததாக எழுதப்பட்டவை உட்பட எதுவும் எலியின் ஆயுளைக்கூட நம்பும்படி நீட்டவில்லை. பழைய ஆய்வுகள் பலவற்றில் எலிகளின் எண்ணிக்கை குறைவு. தற்செயலான வேறுபாட்டை மருந்தின் வேலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த எலிச் சோதனைகளை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாலும் இன்னொரு சிக்கல் அப்படியே இருக்கும். எஸ்ஓடி1 பிறழ்வு ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம் பேரிடம்தான் காணப்படுகிறது. அல்சைமரிலும் இதே கதைதான். நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் தொடர்பான மனிதப் பிறழ்வுகளை எலிக்குள் வைத்தால் அமிலாய்டு படிவுகள் வருகின்றன. டாவ் என்ற புரதம் நியூரானுக்குள் முறுக்கிக்கொள்ளும் சிக்கல்களோ, மனித மூளையில் காணும் அளவுக்கு நியூரான் இழப்போ வருவதில்லை.

அதே 2008-இல்தான் வேறொரு வழி திறந்தது. ஹார்வர்டில் கெவின் எகன் குழு, எஸ்ஓடி1 பிறழ்வு கொண்ட 82 வயதுப் பெண்மணி ஒருவரின் தோல் செல்களை எடுத்து, அவற்றைப் பின்னோக்கித் திருப்பி, வேறு வகை செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து இயக்க நியூரான்களை வளர்த்தது. அவருடைய மரபணுத் தொகுப்பு, அவருடைய பிறழ்வு, அவருடைய நோயில் அழியும் அதே வகை நியூரான். அறுவை சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை.

இதைச் சாத்தியமாக்கியது கியோட்டோவில் ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகஹாஷியும் 2006-இல் செய்த வேலை. முதிர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பக்கூடும் என்று 24 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் எலியின் தோல் செல்லுக்குள் செலுத்தினார்கள். வேலை செய்தது. அப்புறம் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார்கள். எது இல்லாவிட்டால் காரியம் கெடுகிறது என்று தேடியதில் நான்கே மிஞ்சின. 2007-இல் மனித செல்லிலும் அதைச் செய்துகாட்டினார்கள். இப்படிக் கிடைக்கும் செல்லுக்கு ஐபிஎஸ் செல் என்று பெயர். கருவிலிருந்து எடுக்கப்படாமலே, கருவின் ஸ்டெம் செல் போல உடலின் எந்த வகை செல்லாகவும் மாறக்கூடியது. 1962-இலேயே தவளையின் குடல் செல் உட்கருவைக்கொண்டு முழு உயிரியை உருவாக்கலாம் என்று காட்டிய ஜான் கர்டனும் யமனகாவும் 2012-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்று பெரும்பாலும் தோல்கூடத் தேவையில்லை. கொஞ்சம் இரத்தம் போதும். அந்த நான்கு மரபணுக்களை டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிக்கொள்ளாத செண்டாய் வைரஸ் மூலம் உள்ளே அனுப்புகிறார்கள். மூன்று நான்கு வாரங்களில் தட்டில் ஆங்காங்கே இறுக்கமான, ஓரம் தெளிவான செல் கூட்டங்கள் தென்படும். போட்ட செல்களில் மிகச் சிறு பங்குதான் இப்படி மாறும். அவற்றைத் தனியே எடுத்துப் பெருக்கி, குரோமோசோம்களைச் சரிபார்த்து, உறைய வைப்பார்கள். சரிபார்ப்பது சடங்கல்ல. நீண்ட நாள் வளர்ப்பில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பாவது அடிக்கடி நடக்கிறது. அப்படி இரட்டிப்பான செல் எளிதில் சாவதில்லை. மெல்ல மெல்ல முழுத் தட்டையும் பிடித்துக்கொள்ளும். செல் சாவைப் பற்றி ஆராயப்போகிறவருக்கு இதைவிட மோசமான தொடக்கம் கிடைக்காது.

பிறகு அதை நியூரானாக்க வேண்டும். கருவில் எந்தச் சமிக்ஞை எப்போது வருகிறதோ அதை வரிசை பிறழாமல் ஊட்டக நீரில் சேர்ப்பதுதான் வழி. இரண்டு குறிப்பிட்ட சமிக்ஞைகளைத் தடுத்தால் செல்கள் நரம்பு வழியில் திரும்பும் என்று 2009-இல் காட்டப்பட்டது. அதன் மேல் ரெட்டினாயிக் அமிலமும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதமும் சேர்ந்தால் தண்டுவட இயக்க நியூரான். வேறொரு கலவையில், பார்க்கின்சன் நோயில் அழியும் நடுமூளையின் டோபமைன் நியூரான். வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். 2013 முதல் ஒரு குறுக்குவழியும் உண்டு: நியூரோஜெனின்-2 என்ற ஒரே மரபணுவைத் தூண்டிவிட்டால் இரண்டு வாரத்தில் நியூரான்கள் தயார். வேகம் கிடைக்கும், ஆனால் கருவில் நியூரான் கடந்துவரும் படிகளை அது தாண்டிக் குதித்துவிடுகிறது. காத்திருப்பதிலும் தொல்லை உண்டு. மாதக்கணக்கில் வைத்திருக்கும் நியூரான்கள் ஒன்றோடொன்று ஒட்டி முடிச்சுகளாகத் திரளும். ஊட்டக நீரை மாற்றும் ஒரு நாள், படலம் முழுவதும் அடியிலிருந்து உரிந்து கையோடு வந்துவிடும்.

இனி முக்கியமான கேள்வி. இப்படி வளர்த்த நியூரான் நோயைக் காட்டுகிறதா? எகன் குழுவின் 2008 கட்டுரை, நியூரானை உருவாக்க முடியும் என்பதைத்தான் நிறுவியது. அதில் நோய்க்குறி எதுவும் காட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு கிளைவ் ஸ்வெண்ட்சன் குழு முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயான எஸ்.எம்.ஏ. உள்ள குழந்தை ஒன்றின் செல்களிலிருந்தும், நோயில்லாத அதன் தாயின் செல்களிலிருந்தும் இயக்க நியூரான்களை வளர்த்தபோது வேறுபாடு தெரிந்தது. நாளாக நாளாகக் குழந்தையின் நியூரான்கள் குறைந்தன. இது தற்செயல் அல்ல. எஸ்.எம்.ஏ. பிறந்த சில மாதங்களிலேயே தாக்கும் நோய். தட்டில் இருக்கும் நியூரானும் வயதில் கருவின் நியூரானைத்தான் ஒத்தது. எழுபது வயதில் வரும் நோயை அதில் பார்ப்பது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துறையில் எது நிஜமான பலன் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது ஸ்டாத்மின்-2 கண்டுபிடிப்பை. குடும்பத்தில் ஓடும் வகை, தனியாக வரும் வகை என்ற பேதமில்லாமல், ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேரின் நியூரான்களில் டிடிபி-43 என்ற புரதம் இடம் மாறியிருக்கும். 2006-இல் தெரியவந்த உண்மை இது. அந்தப் புரதத்தின் வேலை உட்கருவுக்குள். நோயில் அது உட்கருவைக் காலி செய்து வெளியே வந்து கட்டிதட்டிக் கிடக்கிறது. வெளியே கிடக்கும் கட்டி விஷமா, உள்ளே இல்லாமல் போனது கேடா என்று வெகுநாள் வாதம் நடந்தது.

2019-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன; அதில் ஒன்று எகன் குழு. அவர்கள் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித இயக்க நியூரான்களில் டிடிபி-43 அளவைக் குறைத்துவிட்டு, எந்த ஆர்.என்.ஏ.க்கள் மாறுகின்றன என்று பார்த்தார்கள். மிகக் கடுமையாக அடிவாங்கியவற்றில் ஒன்று ஸ்டாத்மின்-2. இது நியூரானின் நீண்ட இழையான ஆக்சானைச் சீராக வைத்திருக்கவும், அறுந்தால் மறுபடி வளரவும் தேவைப்படும் புரதம். மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் தேவையற்ற பகுதிகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டித்தான் புரதச் செய்முறை தயாராகும். அந்தத் தேவையற்ற பகுதிக்குள், பார்ப்பதற்கு வேண்டியது போலவே இருக்கும் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது. டிடிபி-43 அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதை மறைத்து வைக்கிறது. டிடிபி-43 இல்லாதபோது அந்தத் துண்டும் செய்முறைக்குள் புகுந்துவிடுகிறது. தொடர்கதையின் இரண்டாம் பக்கத்திலேயே 'முற்றும்' என்று அச்சாகிவிட்டது போல, படி அங்கேயே நின்றுபோகிறது. முழுப் புரதம் உருவாவதில்லை.

தட்டில் பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. இறந்த ஏ.எல்.எஸ். நோயாளிகளின் தண்டுவடத்தில் தேடினார்கள். அதே அரைகுறைப் படி அங்கேயும் இருந்தது. இன்னொரு குழு, ஸ்டாத்மின்-2 அளவை மீட்டுக்கொடுத்தால் அறுந்த ஆக்சான் மறுபடி வளர்கிறது என்று காட்டியது. இதில் எலி ஏன் நமக்கு உதவியிருக்காது என்பது முக்கியம். அந்த ஒளிந்திருக்கும் துண்டு எலியின் மரபணுவில் கிடையாது. எலியில் டிடிபி-43 புரதத்தை எப்படிக் குறைத்தாலும் இந்தக் கோளாறு வராது. எத்தனை ஆயிரம் எலிகளை வைத்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

2022-இல் அதே வகைக் கோளாறு யுஎன்சி13ஏ என்ற மரபணுவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. ஏ.எல்.எஸ். அபாயத்தைக் கூட்டும் டி.என்.ஏ. எழுத்து மாற்றங்கள் அந்த மரபணுவில் இருப்பது ஆயிரக்கணக்கானோரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் முன்பே தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. அந்த மாற்றங்கள் சரியாக ஒளிந்திருக்கும் துண்டு உள்ள பகுதியிலேயே இருந்தன; டிடிபி-43 குறையும்போது துண்டு உள்ளே நுழைவதை அவை இன்னும் எளிதாக்குகின்றன. தட்டு ஒரு தடயம் கொடுத்தது, பிரேத மூளைகள் அதை உறுதிசெய்தன, மக்கள்தொகை மரபியல் அதோடு பொருந்தியது. இந்த மூன்றும் சேராத ஐபிஎஸ் ஆய்வுகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன். ஸ்டாத்மின்-2 படியைச் சரிசெய்ய முயலும் மருந்து இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நியூரான்களில் டிடிபி-43 தானாகக் குறையவில்லை, ஆராய்ச்சியாளர்கள் குறைத்தார்கள். மூளையில் அது ஏன் உட்கருவை விட்டு வெளியேறுகிறது என்ற மூலக் கேள்விக்குத் தட்டு இன்னும் தெளிவான விடை தரவில்லை.

பார்க்கின்சனிலும் இப்படி எலிக்கும் மனிதனுக்கும் உள்ள இடைவெளி வெளிப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. டிஜே-1 மரபணு கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் வரும். அதே மரபணுவை எலியில் நீக்கினால் எலிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. 2017-இல் டிமிட்ரி கிரெய்ங்க் குழு நோயாளிகளின் டோபமைன் நியூரான்களை நீண்ட நாள் வளர்த்துப் பார்த்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் நெருக்கடி, அதனால் டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைவது, அது செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோமின் ஒரு முக்கிய நொதியை முடக்குவது, பார்க்கின்சனில் கட்டிதட்டும் ஆல்ஃபா-சினூக்ளின் புரதம் சேர்வது என்று ஒரு சங்கிலி தெரிந்தது. எலி நியூரானில் டோபமைன் கையாளப்படும் விதம் வேறு என்பதால் அதில் இந்தச் சங்கிலி தொடங்கவே இல்லை. டோபமைன் அளவை வேண்டுமென்றே கூட்டியபோதுதான் எலியிலும் தலைகாட்டியது.

அதற்காக, தட்டில் இருப்பது மூளையில் இருப்பதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. மனித நடுமூளையின் ஒரேயொரு டோபமைன் நியூரானின் ஆக்சான் கிளைகளை எல்லாம் சேர்த்து நீட்டினால் 4 மீட்டரைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள்; அது ஏற்படுத்தும் இணைப்புகள் பத்து இலட்சத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய உடலைப் பராமரிக்கும் செலவே அந்த நியூரானைப் பலவீனமாக்குகிறது என்பது ஒரு வலுவான கருத்து. தட்டிலோ அது வாழும் குழியின் அகலம் ஆறேழு மில்லிமீட்டர். அந்தச் சுமையை அங்கே எப்படி வைப்பது?

மருந்துகளுக்கு வருவோம். முதலீட்டாளர்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் பிடித்த பகுதி இதுதான். எதிர்பார்ப்பும் விளைவும் மிகவும் விலகி நிற்பதும் இங்கேதான். 2014-இல் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் ஐபிஎஸ் இயக்க நியூரான்கள் தேவைக்கு அதிகமாகத் துடிக்கின்றன என்று பிரையன் வெய்ங்கர் முதலானோர் கண்டார்கள். பொட்டாசியம் வாயிலைத் திறக்கும் ரெட்டிகாபின் என்ற வலிப்பு மருந்து அந்தத் துடிப்பை அடக்கியது. எலி ஆய்வு என்ற படியைத் தாண்டி, 65 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தார்கள்; 2021-இல் முடிவு வந்தது. அதிகமான அளவு மருந்து பெற்றவர்களின் இயக்க நியூரான்களில் தூண்டுநிலை உண்மையிலேயே குறைந்திருந்தது. தட்டில் கண்டது மனிதரிடமும் அளக்கக்கூடியதாக இருந்தது என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் பத்து வாரச் சோதனை அது. நோயின் போக்கு மாறுகிறதா என்று சொல்லும் அளவுக்கு அது வடிவமைக்கப்படவில்லை.

ஜப்பானில் ஹிதேயுகி ஒகானோ குழு 1,232 மருந்துகளை நோயாளி நியூரான்களில் வடிகட்டி, பார்க்கின்சனுக்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் ரோபினிரோலைத் தேர்ந்தெடுத்தது. 20 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதனை. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று தெரியாமல் கொடுத்த முதல் 24 வாரங்களில் உடல் இயக்க மதிப்பெண்ணில் தெளிவான வேறுபாடு இல்லை. அதன் பிறகான நீட்டிப்புக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்கள் மெதுவாகச் சரிந்தார்கள் என்று எழுதினார்கள். இருபதே பேர். நம்பிக்கை கொள்ளலாம், முடிவு கட்ட முடியாது.

தோல்வி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவில் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவது ஏ.எல்.எஸ். நோய்க்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஆர்.என்.ஏ.வை அழிக்கும் ஆன்டிசென்ஸ் மருந்துகள் நோயாளிகளின் ஐபிஎஸ் நியூரான்களில் கோளாறுகளைச் சரிசெய்தன என்று 2013-இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டின. காகிதத்தில் இதைவிடத் தெளிவான பாதை கிடையாது: காரணம் தெரியும், மருந்து அதைத் தாக்குகிறது, நோயாளியின் சொந்த நியூரான் தேறுகிறது. ஆனால் மனிதச் சோதனையில் பலன் தெரியாததால் அந்த வகை மருந்து ஒன்றின் ஆய்வு 2022-இல் நிறுத்தப்பட்டது. தட்டில் திருத்தியது நோயின் ஒரு கூறை மட்டுமா? நோயாளிகளுக்குக் கொடுத்தபோது காலம் கடந்துவிட்டதா? இரண்டுக்கும் ஆதரவாக வாதிடுபவர்கள் இருக்கிறார்கள்.

காலம் என்றதும் வயது. யமனகா முறையின் அழகே அதன் பெரிய குறையும். 82 வயது செல்லை ஐபிஎஸ் ஆக்கும்போது அது சேர்த்துவைத்த வயதுத் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. டி.என்.ஏ. மேல் இருக்கும் வேதிக் குறிகள், மைட்டோகாண்ட்ரியாவின் நிலை எல்லாம் புதிதாகின்றன. முதுமை நோயை ஆராய இளம் நியூரானைக் கையில் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. டாவ் புரதத்திலேயே இது தெரியும்: வளர்ந்த மனிதனின் மூளையில் இருக்க வேண்டிய டாவ் வடிவங்களில் பாதி, இந்த இளம் நியூரான்களில் மிகக் குறைவாகவே காணப்படும்.

இதைச் சமாளிக்க இரண்டு மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். லோரன்ஸ் ஸ்டூடர் குழு 2013-இல், குழந்தைகளை வேகமாக முதுமையடையச் செய்யும் புரோஜீரியா நோயின் புரதத்தை டோபமைன் நியூரானில் உருவாகச் செய்து, செயற்கையாக வயதைக் கூட்டியது. அதுவரை தெரியாத நோய்க்குறிகள் வெளிவந்தன. சாமர்த்தியமான வழிதான். இருந்தாலும் புரோஜீரியாவின் முதுமையும் இயல்பான முதுமையும் ஒன்றா என்ற சந்தேகம் போகாது. எனக்கு அதிக நம்பிக்கை தரும் வழி, ஸ்டெம் செல் நிலையைத் தொடாமலே தோல் செல்லை நேரடியாக நியூரானாக மாற்றுவது. அப்படி மாற்றினால் கொடுத்தவரின் வயது அடையாளங்கள் நிலைத்திருக்கின்றன என்று 2015-இல் ஃப்ரெட் கேஜ் குழு காட்டியது. 2024-இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ யூ குழு, வயதான காலத்தில் வரும் சாதாரண அல்சைமர் நோயாளிகளின் தோல் செல்களை இப்படி மாற்றி, முப்பரிமாணத்தில் வளர்த்தபோது அமிலாய்டு படிவு, டாவ் கோளாறு, நியூரான் சாவு மூன்றும் வந்தன. அமிலாய்டு உருவாவதைத் தடுக்கும் மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் படிவு குறைந்தது. தாமதித்துக் கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அல்சைமர் மருந்துச் சோதனைகளில் பல வருடங்களாகப் பேசப்படும் பிரச்சினை ஒரு தட்டில் தெரிந்தது இது. இந்த முறைக்கும் விலை உண்டு: நியூரான் பெருகாது, எனவே ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

அடுத்து, ஒப்பீடு. நோயாளியின் நியூரான் மோசமாக இருக்கிறது என்றால், எதைவிட மோசம்? ஆரோக்கியமான இன்னொருவருடையதைவிட என்றால், அந்த இருவருக்கும் இடையே பல இலட்சம் மரபணு வேறுபாடுகள் உள்ளன. 2012-இல் லாரன்ஸ் கோல்ட்ஸ்டீன் குழு செய்த புகழ்பெற்ற அல்சைமர் ஆய்வில், மரபுவழி நோய் உள்ள இருவர், தனியாக வந்த நோய் உள்ள இருவர், ஆரோக்கியமான இருவர் என்று ஆறு பேர். மரபுவழி நோயாளிகள் இருவரின் நியூரான்களிலும் கோளாறு தெரிந்தது. தனியாக வந்தவர்களில் ஒருவரிடம் தெரிந்தது, மற்றவரிடம் இல்லை. அல்சைமர் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகை. இரண்டில் ஒருவரை வைத்து அந்த வகையைப் பற்றி என்ன சொல்வது?

மரபணுவை வேண்டிய இடத்தில் திருத்தும் கிரிஸ்பர் கருவி வந்த பிறகு நிலைமை மாறியது. நோயாளியின் செல்லிலேயே பிறழ்வை மட்டும் திருத்திவிட்டு, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மற்ற எல்லா மரபணுவும் ஒன்றே. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு வடிவத்தை லி-ஹுவே சாய் குழு 2018-இல் இப்படித்தான் ஆராய்ந்தது. ஒரே மரபணு மாற்றம் நியூரானில் ஒருவிதமாகவும், துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டில் இன்னொரு விதமாகவும், மூளையின் காவல் செல்லான மைக்ரோக்ளியாவில் வேறொரு விதமாகவும் வேலை செய்தது. மைக்ரோக்ளியா அமிலாய்டை விழுங்குவது குறைந்தது. நியூரானை மட்டும் வளர்த்துப் பார்த்தவர்களுக்கு இதில் பாதிக்கு மேல் தெரிந்திருக்காது. அல்சைமர் அபாய மரபணுக்களில் பலவும் மைக்ரோக்ளியாவில்தான் அதிகம் இயங்குகின்றன. அந்தச் செல்லோ கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குக் குடியேறுவது என்பதால், அதைத் தனியே வளர்த்து நியூரான்களோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. 2013-இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டர் உருவாக்கிய மூளை உறுப்பணுத் திரள்களிலும், அதாவது தானே அடுக்கடுக்காக வளரும் குட்டி மூளைத் திசுக்களிலும், இதே குறைதான். இரத்தக் குழாயும் கிடையாது, அதனால் நடுப்பகுதி பட்டினியில் சாகும்.

மரபணுவைச் சரிப்படுத்தினாலும் மனிதக் கைகளைச் சரிப்படுத்துவது கடினம். 2018-இல் ஐந்து ஆய்வகங்களுக்கு ஒரே செல் வரிசைகளையும், அதாவது ஒரே மூலத்திலிருந்து பெருக்கிய செல்களையும், ஒரே செய்முறையையும் கொடுத்துப் பார்த்தார்கள். கிடைத்த நியூரான்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டுக்கு மிகப் பெரிய காரணம், எந்த ஆய்வகத்தில் வளர்ந்தன என்பதே. பிறழ்வு அல்ல. இந்தத் துறையில் எதைப் படிப்பதற்கு முன்பும் இந்த ஒரு முடிவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு விடையாகத்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், அல்சைமர் வகை நோய்களின் நூற்றுக்கும் மேற்பட்ட பிறழ்வுகளை ஒரே மூலச் செல் வரிசையில் உருவாக்கி எல்லோருக்கும் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆரோக்கியமான ஓர் ஆணிடமிருந்து வந்த, கோல்ஃப் 2.1ஜே என்ற அந்த வரிசையைப் பல மாதங்கள் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். வளர்ச்சிக் கோளாறுகளோடு தொடர்புடைய சில டி.என்.ஏ. இழப்புகள் அதிலும் இருப்பதை வேறு ஆய்வாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். குறையே இல்லாத மனித மரபணுத் தொகுப்பு என்று ஒன்று இல்லை. இருக்கும் குறை எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதுவே பெரிய லாபம்.

சரி, இவ்வளவு குறைகளுக்கு நடுவே தட்டுக்கும் அதைக் கொடுத்தவரின் மூளைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? 2021-இல் டிரேசி யங்-பியர்ஸ் குழு நேரடியாக இதைச் சோதித்தது. உயிரோடு இருந்தபோது ஆண்டுதோறும் நினைவாற்றல் பரிசோதனைக்கு வந்து, இறந்த பின் மூளையையும் தானம் செய்த ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் செல்களிலிருந்து நியூரான்களை வளர்த்து, அவர்களுடைய மூளைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். தட்டில் அமிலாய்டு, டாவ் புரதங்கள் இருந்த விதம், அந்தந்த நபரின் மூளையில் கண்ட நோய்க்கூறுகளோடும் நினைவாற்றல் சரிந்த போக்கோடும் தொடர்பு காட்டியது. வயது அழிக்கப்பட்ட இளம் நியூரானிலும் மரபணுவின் கை தெரிகிறது. முதுமையில் வெளிப்படப்போகும் ஒன்றின் ஆரம்பச் சாய்வு அது. தட்டு நோயைக் காட்டுகிறது என்பதைவிட, நோய் வருவதற்கு முந்தைய சாய்வைக் காட்டுகிறது என்பதே என் கணிப்பு. மருந்து கொடுக்க வேண்டிய சரியான நேரமும் அதுவாக இருக்கலாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இதுவரை பேசியது எல்லாம் நோயை ஆராய்வதற்கான செல்கள். நோயாளிக்குள் செலுத்துவதற்கானவை அல்ல. ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த டோபமைன் முன்னோடிச் செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் வைக்கும் சோதனையைக் கியோட்டோவில் ஜுன் தகஹாஷி குழு 2018-இல் தொடங்கி, 2025-இல் ஏழு பேரின் முடிவுகளை வெளியிட்டது. அது கட்டுப்பாடான, தனி ஆராய்ச்சி. 'ஸ்டெம் செல் சிகிச்சையால் அல்சைமரைக் குணப்படுத்துகிறோம்' என்று பணம் கேட்கும் இடங்களுக்கும், மேலே சொன்ன எந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

இப்போதைக்குப் பெரிதாக உறுத்தும் விஷயம், ஆய்வுக்கென இப்படி உறைய வைத்த செல் வங்கிகளில் யாருடைய செல்கள் இருக்கின்றன என்பது. பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. நோய் மரபியல் அப்படி ஒரே மாதிரி இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பார்க்கின்சன் அபாயத்தைக் கூட்டும் ஒரு மாற்றம் ஜிபிஏ1 மரபணுவில் இருப்பது 2023-இல் வெளியானது. நைஜீரிய நோயாளிகளின் மாதிரிகள் அந்த ஆய்வில் பெரும் பங்கு வகித்தன. ஜிபிஏ1 மரபணுவைப் பல ஆண்டுகளாக அலசியிருக்கிறார்கள். அது உருவாக்கும் நொதிதான் மேலே கிரெய்ங்க் ஆய்வில் முடங்கியதாகச் சொன்ன நொதி. அப்படியிருந்தும் ஐரோப்பியர்களிடம் அரிதான இந்த மாற்றம், அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த மாற்றம் கொண்ட டோபமைன் நியூரான்களை வளர்த்துப் பார்க்க முதலில் அந்த மாற்றத்தைச் சுமப்பவர்களின் இரத்தம் வங்கிக்கு வர வேண்டும், அல்லது இருக்கும் வரிசையில் கிரிஸ்பர் மூலம் அதை எழுத வேண்டும். இரண்டாவது வேகமானது. முதலாவதில்தான் அவர்களுடைய மரபணுத் தொகுப்பின் மற்ற பகுதிகளும் சேர்ந்து வரும்.